எல்லாப் பதிவும் ஒன்றல்ல: சைக்கோவ்ஸ்கியின் செரனேடை எதில் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கேட்கத் தொடங்குவோருக்காக ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் தந்தி இசைக்குழுவுக்கான செரனேடும் (வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய தந்திக் கருவிகள் மட்டுமே வாசிப்பது) இடம்பெற்றிருந்தது. மிகவும் மகிழ்ச்சி. முதல் முறை கேட்பவரையும் உட்கார வைத்துவிடும் படைப்பு அது. ஆனால் கட்டுரையின் முடிவில், இணையத்தில் எந்தப் பதிவு கிடைத்தாலும் கேட்கலாம், எல்லாரும் வாசிப்பது ஒரே நோட்டை, அதாவது ஒரே இசைப்பிரதியைத்தான் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை மறுத்துத்தான் இந்தக் கடிதம். ஒரே கீர்த்தனையை எந்தப் பாடகர் பாடினாலும் ஒன்றுதான் என்று நம் ஊர் ரசிகர் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தச் செரனேடுக்கு அந்த நியாயம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். காரணம், படைத்தவர் கேட்ட இரண்டு காரியங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

1880 இலையுதிர் காலத்தில் இதை எழுதினார் சைக்கோவ்ஸ்கி. சிம்பொனியாக்குவதா, சிறிய தந்திக் குழுவுக்கான படைப்பாக்குவதா என்ற தயக்கத்தில் தொடங்கி, கடைசியில் தந்தி இசைக்குழுவில் வந்து நின்றார். பீரங்கி முழக்கத்துக்குப் பேர்போன '1812' முகப்பிசையும் அதே வாரங்களில் எழுதப்பட்டதுதான். அதை அன்பில்லாமல் எழுதியதாகவும், செரனேடை உள்ளத்தின் உந்துதலால் எழுதியதாகவும் தன் புரவலரான நதேழ்தா ஃபான் மெக் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். அந்த ஆண்டு இறுதியில் மாஸ்கோ இசைக்கல்லூரியில் தனிப்பட்ட முறையில் இதை வாசித்துக் காட்டினார்கள். பொது அரங்கேற்றம் 1881 அக்டோபரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், எதுவார்த் நாப்ராவ்னிக் நடத்த நடந்தது. அந்த இசைக்கல்லூரியைச் சேர்ந்த செல்லோக் கலைஞர் கான்ஸ்டன்டின் அல்பிரெக்டுக்குப் படைப்பு சமர்ப்பணம்.

மோதல் இங்கேதான். தந்தி இசைக்குழுவில் எத்தனை பேர் கூடுதலாக இருக்கிறார்களோ அத்தனைக்குத் தன் விருப்பத்துக்கு இசைவாக இருக்கும் என்று நோட்டின் தொடக்கத்திலேயே அச்சிட வைத்தார். ஆனால் முதல் பகுதி மோட்ஸார்ட்டுக்குத் தான் செலுத்தும் காணிக்கை, அவர் பாணியை வேண்டுமென்றே பின்பற்றியது என்று சொன்னவரும் அவரே. ஆள் கூடினால் ஒலி கனக்கும். மோட்ஸார்ட்டின் பாணிக்கோ கனம் ஆகாது, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் துலங்க வேண்டும். அறுபது பேரை வைத்துக்கொண்டு பதினைந்து பேரைப் போல் துள்ள வேண்டும், பதினைந்து பேர் என்றால் அறுபது பேரைப் போல் முழங்க வேண்டும். செரனேடின் பதிவுகளை ஒப்பிடுவதென்றால், இந்த இரண்டில் எதை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்ப்பதுதான்.

முதலில் சரியான பதிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். 'செரனேட் ஃபார் ஸ்டிரிங்ஸ்' என்று மட்டும் தட்டினால் துவோர்ஷாக்கின் ஓபஸ் 22 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), எல்காரின் ஓபஸ் 20, யோசெஃப் சூக்கின் ஓபஸ் 6 எல்லாம் வந்து நிற்கும். எல்லாமே நல்ல படைப்புகள்தான், ஆனால் நாம் தேடுவது அவையல்ல. சைக்கோவ்ஸ்கி பெயரைச் சேர்த்துத் தேடினாலும் 'செரனாட் மெலாங்கொலிக்' என்ற ஓபஸ் 26 குறுக்கே வரும், அது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்தது. ஆகவே ஓபஸ் 48 என்ற எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். பட்டியலில் நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்: சொனாட்டினா வடிவில் முதல் பகுதி, வால்ஸ் (மூன்றடி நடன இசை), எலிஜி (இரங்கல் இசை), 'ரஷ்ய மெட்டு' என்ற துணைத்தலைப்போடு நிறைவுப் பகுதி. முழுவதும் ஓட அரை மணி நேரம், ஓரிரு நிமிடம் கூடலாம் அல்லது குறையலாம். வால்ஸ் மட்டும் தனியே கிடைக்கும் பழைய பதிவுகள் ஏராளம். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டித்தான் பதிய முடியும், வால்ஸ் அதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும் என்பதே காரணம். நடத்துநர் ஃபூர்ட்வாங்லர் 1950இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு பதிந்ததும் வால்ஸும் நிறைவுப் பகுதியும் மட்டுமே. ஜார்ஜ் பலான்ஷின் 1934இல் இந்த இசைக்கு அமைத்த பாலே நடனத்தில் கடைசி இரண்டு பகுதிகள் இடம் மாறி, எலிஜியில் முடியும். மேடைக்கு அது அழகு. இசையாக மட்டும் கேட்பவர் அந்த வரிசையில் பழகிவிடக் கூடாது, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்டையும் கவனியுங்கள். செயலிகளில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் வெளியீட்டு ஆண்டு, சில நேரம் மறுவெளியீட்டு ஆண்டு. நடத்துநர் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 1966இல் ஒரு முறையும் 1980இல் ஒரு முறையும் பதிந்திருக்கிறார், இரண்டுமே டாய்ட்ஷே கிராமஃபோன் நிறுவனத்துக்குத்தான். நெவில் மாரினரும் அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் குழுவோடு அறுபதுகளின் இறுதியில் ஆர்கோ நிறுவனத்துக்கு ஒன்று, எண்பதுகளில் பிலிப்ஸுக்கு ஒன்று என்று பதிந்தார். எது எது என்று தெரியாமல் 'கராயன் பதிவு கேட்டேன், பிடிக்கவில்லை' என்று சொல்வதில் பயனில்லை.

கேட்கும் ஏற்பாட்டில் நாலு விஷயம் முக்கியம். கைபேசியின் ஒலிபெருக்கியில் ஒப்பிடாதீர்கள். டபுள் பாஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ், செல்லோவின் கீழ்த் தந்தி 65 ஹெர்ட்ஸ். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் இவற்றின் அடிச்சுரம் வரவே வராது, மேலடுக்கு ஒலிகளை வைத்துக் காதுதான் ஊகித்துக்கொள்ளும். படைப்பின் அடித்தளமே அந்த இரண்டு கருவிகளில் இருக்கும்போது அதைத் தவறவிட்டு என்ன ஒப்பீடு? சாதாரண ஹெட்ஃபோன் போதும், ஆனால் பாஸைத் தூக்கிக் கொடுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைக் கலக்கும் 'கிராஸ்ஃபேட்' வசதியையும் அணையுங்கள். எலிஜி முடிந்து நிறைவுப் பகுதி தொடங்கும் இடத்தை அது கெடுத்துவிடும்.

நான்காவதுதான் பெரும்பாலோர் ஏமாறும் இடம்: ஒலியளவு. இரண்டு பதிவுகளில் ஒன்று ஒரே ஒரு டெசிபெல் உரக்க இருந்தாலும், உரக்க ஒலிப்பதே நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். உரக்க இருக்கிறது என்றே தோன்றாது, 'உயிரோட்டமாக' இருக்கிறது என்று தோன்றும். ஆகவே ஒப்பிடும் முன் வால்ஸின் முதல் இருபது விநாடியை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டு அளவைச் சமப்படுத்துங்கள். முதல் பகுதியின் தொடக்கத்தை வைத்துச் சமப்படுத்தக் கூடாது. அது உச்ச ஒலியில் எழுதப்பட்டது, அந்த உச்சத்தை எவ்வளவு தூரம் எட்டுகிறார்கள் என்பதே நாம் ஒப்பிடப்போகும் விஷயம்.

முழுப் படைப்பையும் பத்துப் பதிவில் கேட்டால் காது மழுங்கிவிடும். ஐந்து இடங்கள் போதும்.

முதல் இடம் தொடக்கம். சி மேஜர், நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். மேல் சட்ஜமத்திலிருந்து ச நி த ப என்று இறங்கிவரும் மெட்டு, முழுக் குழுவும் உச்ச ஒலியில். வயலின்கள் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பதால் ஆள் எண்ணிக்கையைவிடப் பெரிய ஒலி எழும். 'ஸெம்ப்ரே மார்க்காட்டிஸ்ஸிமோ' என்று நோட்டில் போட்டிருக்கிறார், அதாவது தொடர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தி ஊன்ற வேண்டும். காலப்பிரமாணத்துக்கு 'ஆண்டான்டே நான் ட்ரோப்போ' என்று குறித்திருக்கிறார், அளவுக்கு மீறாத நடை. இது ஆறு-எட்டு தாளம், திஸ்ரமாக இரண்டு அடி. காலால் தட்டிப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு இரண்டு அடி இயல்பாக விழுந்தால் நடை சரி. ஆறாகத்தான் எண்ண முடிகிறது என்றால் நடத்துநர் இதைக் கோயில் தேர்போல் இழுக்கிறார் என்று பொருள். கேட்க அப்போதைக்குக் கம்பீரமாக இருக்கும், அதன் விலையைக் கடைசிப் பக்கத்தில் கட்ட வேண்டிவரும். இந்த முன்னுரை ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும்.

அதே இடத்தில் வில்லையும் கேளுங்கள். ஒரு சுரம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது சிறிய விளிம்பு ஒன்று தெரிய வேண்டும். பெர்லினுடன் 1966இல் கராயன் செய்தது என்ன? அத்தனை சுரங்களையும் ஒரே பட்டுத்துணியாக நெய்துவிட்டார். அந்த ஒலியின் செழுமைக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் நோட்டில் கேட்டிருப்பது அந்த வழுவழுப்பை அல்ல.

இரண்டாவது இடம் அதே பகுதியில் மூன்றரை நிமிடத்தை ஒட்டி வரும் துணை மெட்டு. சிறு சிறு சுரங்கள் வில்லின் துள்ளலில் ஓடும், மோட்ஸார்ட் எட்டிப் பார்ப்பது இங்கேதான். பெரிய குழுக்கள் சறுக்குவதும் இங்கேதான். முப்பது வயலின்கள் ஒரு நூலிழை முன்பின்னாக வில்லை வைத்தாலும் துள்ளல் மங்கி இரைச்சலாகிவிடும், எதிரொலி அதிகமுள்ள தேவாலயம் போன்ற கூடத்தில் பதிந்திருந்தால் இன்னும் மோசம். மாரினரின் ஆர்கோ பதிவை முதலாவதாகக் கேட்டுவிட்டு வேறு எதற்குப் போனாலும் இந்த இடம் கலங்கலாகத் தெரியும். அவ்வளவு சுத்தம்! மெட்டு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கைமாறுவதை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் உடனே தொடக்கத்துக்குப் போய்க் கேளுங்கள். சிறிய குழுவால் முடிந்த அளவு முழங்குகிறார்கள், நல்ல முழக்கம்தான், இருந்தாலும் சைக்கோவ்ஸ்கி கேட்ட பெருங்கூட்டம் அங்கே இல்லை.

மூன்றாவது, வால்ஸ். ஜி மேஜர். மெட்டு மேலேறிச் சென்று உச்சியில் ஒரு கணம் தயங்கிவிட்டு இறங்கும். அந்தத் தயக்கம் எவ்வளவு நேரம்? இதில் சட்டம் கிடையாது, ரசனைதான். தயங்காமல் போனால் கடிகாரம்போல் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தயங்கினால் அதுவும் கடிகாரம்தான். முதல் முறை கொஞ்சம், திரும்ப வரும்போது வேறு அளவு என்று மாற்றுகிறவரே இதை அறிந்தவர். பிறகு இரண்டாம் வயலின்களும் செல்லோக்களும் மெட்டை ஏற்க, முதல் வயலின்கள் மேலே தனியாகக் கொடிபோல் சுற்றும் இடம் வரும். மெட்டு அப்போது கீழே போய்விட்டது. மேலே ஓடுவதையே தூக்கிக் காட்டும் பதிவுகளில் மெட்டு காணாமல் போகிறது. இது ஒலிப்பதிவாளரின் பிழையாகவும் இருக்கலாம், வயலின்களுக்கு மிக அருகில் மைக் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

நான்காவது எலிஜி. எந்தக் காரணத்தாலோ இதைக் கண்ணீர் வடிக்க வைக்கும் பகுதி என்று நினைத்துக்கொண்டு மெதுவாக்கி மெதுவாக்கிக் கொன்றுவிடுகிறார்கள். நோட்டில் இருப்பது 'லார்கெட்டோ', லார்கோவைவிடச் சுறுசுறுப்பானது. டி மேஜரில் ஆரோகணமாக ஏறும் கூட்டிசையில் தொடங்கி, பிறகு முதல் வயலின்கள் நீண்ட மெட்டைப் பாட, மற்றவர்கள் விரலால் தந்தியை மூன்று மூன்றாகச் சுண்டித் துணை செய்வார்கள். அந்தப் பிட்ஸிகாட்டோவைக் கேளுங்கள், வேறெதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். மெதுவாக வாசிக்கும்போது என்ன நடக்கிறதென்றால், வில்லில் இழுக்கும் சுரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம், சுண்டிய சுரம் ஒரு நொடிக்குள் செத்துவிடும். ஒரு சுண்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே வெறுமை விழுந்தால் மெட்டின் காலடியில் தரை இல்லாமல் போகிறது. நன்றாக வாசித்த பதிவில் அந்தச் சுண்டல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நகரும், மெட்டு தானாக மிதக்கும். எட்டரை நிமிடத்திலிருந்து ஒன்பதரைக்குள் முடிப்பவர்கள் பெரும்பாலும் இதைக் காப்பாற்றுகிறார்கள். பத்தைத் தொடுகிறவர்களிடம் சந்தேகத்தோடே கேளுங்கள்.

ஐந்தாவது இடத்தை ஒரே மூச்சில் கேட்க வேண்டும்: எலிஜியின் கடைசி அரை நிமிடம், நிறைவுப் பகுதியின் முதல் இரண்டு நிமிடம், பிறகு அதன் கடைசி ஒன்றரை நிமிடம். எலிஜி டி மேஜரில் அடங்குகிறது. நிறைவுப் பகுதி ஜி மேஜரில் மிக மெல்லிய ஒலியில் தொடங்குகிறது. டி என்பது இரண்டுக்கும் பொதுவான சுரம், அதனால் காது திடுக்கிடாமல் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போய்விடும். இடையில் பத்து விநாடி மௌனத்தை வைத்த பதிவுகள் இந்த நூலை அறுத்துவிடுகின்றன. இரண்டு மூன்று விநாடியே சரி. தொடக்கத்தில் எல்லாரும் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மேல் மியூட் என்ற சிறு கவ்வியை மாட்டி வாசிப்பார்கள். மியூட் குதிரையின் எடையைக் கூட்டி மேலடுக்கு ஒலிகளை அடக்கும். அது வெறுமனே சத்தத்தைக் குறைப்பதல்ல, ஒலியின் நிறமே மாறும். இரைச்சலை நீக்குகிறேன் என்று பழைய இசைத்தட்டுகளை அளவுக்கு மீறி வடிகட்டிய மறுபதிப்புகளில் மியூட் மாட்டிய ஒலிக்கும் மாட்டாத ஒலிக்கும் வேறுபாடே தெரியாது. கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் வடிகட்டாததே மேல்.

அந்த மெதுவான தொடக்கத்தில் வருவது வோல்கா ஆற்றங்கரையில் படகிழுப்போர் பாட்டு, வேகமான பகுதியில் வருவது பச்சை ஆப்பிள் மரத்தைப் பற்றிய ஆட்டப்பாட்டு. இரண்டும் சைக்கோவ்ஸ்கி முன்பே பியானோவுக்கு அமைத்திருந்த நாட்டுப்பாடல்கள். ஆட்டப்பாட்டின் முதல் நான்கு சுரங்கள் என்ன தெரியுமா? ச நி த ப. படைப்பு தொடங்கியபோது கேட்ட அதே இறக்கம்! கேட்பவருக்கு இது கடைசிவரை தெரியாது. முடிவுக்குச் சற்று முன் ஆட்டம் நின்று, முதல் பகுதியின் கம்பீரமான முன்னுரை முழு ஒலியில் திரும்பி வரும். பிறகு அது மெல்ல வேகம் பிடித்து, நம் காதுக்கு முன்பாகவே ஆட்டப்பாட்டாக மாறிவிடும். அரண்மனையும் வயல்வெளியும் ஒரே நான்கு சுரம் என்று அவர் காட்டும் இடம் இதுதான். எலிஜியைக் கடைசிக்குத் தள்ளினால் இந்தக் கண்டுபிடிப்பு கடைசி நிமிடத்துக்குரியதாக இருக்காது. பாலே வரிசையில் பழக வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். தொடக்கத்தைத் தேர்போல் இழுத்தவர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். அதே கனத்தில் திரும்ப வாசித்தால் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற முடியாமல் வண்டி கியர் மாறுவதுபோல் ஒரு உதறல் கேட்கும். உதறலை மறைக்க இங்கே மட்டும் வேகமாக வாசித்தால், இது பழைய மெட்டுதான் என்ற நினைவே வராது.

இனிப் பதிவுகள். ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது: இந்தப் படைப்பில் நிலைத்த பெயர் பெற்ற நடத்துநர்களில் பலர் தந்தி வாசித்து வளர்ந்தவர்கள். கூஸெவிட்ஸ்கி டபுள் பாஸ். பார்பிரோலி செல்லோ. மாரினர், மியூன்ஷ் இருவரும் வயலின். கைக்கு வில் பழகியவர் என்ன கேட்கிறார் என்பது அவரவர் பதிவில் தெரிகிறது.

கூஸெவிட்ஸ்கி பாஸ்டன் சிம்பொனியோடு 1949இல் பதிந்தது மோனோதான் (ஒற்றைத் தட ஒலி), ஆனாலும் அடித்தளத்தின் ஊன்றலுக்கு அதைக் கேட்க வேண்டும். கீழ்ச்சுரங்கள் மெட்டைத் தாங்குவதோடு நிற்பதில்லை, அதைத் தள்ளிக்கொண்டும் போகின்றன. அதே குழுவை மியூன்ஷ் 1957இல் நடத்தினார். எட்டே ஆண்டு, ஆனால் வேறு உலகம். நடை வேகம், வில்லில் சூடு, எலிஜியில் சர்க்கரை துளியும் இல்லை. பழகியவர்களுக்கு மியூன்ஷ் பெரிய விருந்து. முதன்முறை கேட்பவருக்கு வால்ஸ் கொஞ்சம் அவசரமாகத் தோன்றலாம்.

1958இல் டொராட்டி ஃபில்ஹார்மோனியா ஹங்காரிக்காவோடு மெர்குரிக்குப் பதிந்தது அதிகம் பேசப்படுவதில்லை. 1956 எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய ஹங்கேரியக் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த குழு அது. மெர்குரியின் ஒலிப்பதிவு பளிச்சென்று இருக்கும், வில்லின் உராய்வே கேட்கும். 'மார்க்காட்டிஸ்ஸிமோ' என்றால் என்ன என்று ஒருவருக்கு ஒரே நிமிடத்தில் புரியவைக்க இதைப் போட்டுக் காட்டலாம்.

பார்பிரோலி லண்டன் சிம்பொனியின் தந்திப் பிரிவோடு 1964இல் பதிந்ததில் செல்லோக்களைக் கேளுங்கள். நிறைவுப் பகுதியில் ஈ-ஃபிளாட் மேஜரில் செல்லோக்கள் பாடும் துணை மெட்டு ஒன்று உண்டு. பலர் அதை ஆட்டத்துக்கு நடுவே வரும் இளைப்பாறலாகக் கடந்துவிடுவார்கள். பார்பிரோலியிடம் அது பகுதியின் நெஞ்சாகிவிடுகிறது. முழுமையாக ஒரே பதிவு, பெரிய குழுவின் வெப்பம் வேண்டும் என்பவர் இதை வாங்கினால் ஏமாற மாட்டார். துள்ளும் இடத்தில் மட்டும் அகாடமியின் சுத்தம் இருக்காது.

கராயனின் இரண்டில் 1966தான். பெர்லினின் இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிந்தது, அந்தக் கூடத்தின் எதிரொலி அவர் நெய்த பட்டுக்கு இசைவாக இருக்கிறது. ஆரம்பகால டிஜிட்டலான 1980 பதிவில் வயலின்களின் மேல்சுரங்கள் கண்ணாடிபோல் கூசுகின்றன. எலிஜியை மட்டும் கேட்க வேண்டுமென்றால் 1966 கராயனுக்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, அத்தனை பேர் அத்தனை மெல்லிய ஒலியில் ஒன்றாக மூச்சு விடுகிறார்கள்.

நடத்துநரே இல்லாமல் வாசிக்கும் நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா எண்பதுகளில் பதிந்ததும் நல்லதே. ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பதால் பிரிவுகளுக்கிடையிலான உரையாடல் கூர்மையாக இருக்கிறது. வால்ஸின் தயக்கத்தை மட்டும் குழுவாக முடிவு செய்தது தெரிகிறது, எல்லா முறையும் ஏறக்குறைய ஒரே அளவு.

மெங்கெல்பெர்க் கான்செர்ட்கெபௌவோடு 1938இல் பதிந்ததைக் கடைசியாகக் கேளுங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலைத் தூக்காமல் வழுக்கிச் செல்வதை நம் வயலினில் ஜாரு என்கிறோம். அங்கே ஒரு முழு வயலின் பிரிவே ஒன்றுபோல் ஜாரு இழுக்கிறது. இன்றைய குழுக்கள் இதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டன, அதனால் இன்றைய காதுக்கு முதலில் விநோதமாக இருக்கும். கர்நாடக இசைக்குப் பழகிய நமக்கு அந்த விநோதம் சீக்கிரம் விலகிவிடும் என்பது என் நம்பிக்கை. சைக்கோவ்ஸ்கியின் காலத்து வாசிப்புப் பழக்கத்துக்குப் பிற்காலப் பதிவுகளைவிட இது அருகில் நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு, மோதும் இரண்டு விருப்பங்களையும் ஒன்றாக நிறைவேற்றியவர் யார் என்று கேட்டால், செய்ஜி ஒஸாவா என்பேன். சைத்தோ கினென் இசைக்குழுவோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிலிப்ஸுக்குப் பதிந்தது. ஹிதேயோ சைத்தோ ஜப்பானில் ஒரு தலைமுறைக்கு இசை கற்பித்த செல்லோக் கலைஞர். அவர் மறைந்து பத்தாண்டு நிறைவில், 1984இல், அவர் மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து வந்து சேர்ந்து உருவானது அந்தக் குழு. ஒரே பள்ளியில் வில் பிடிக்கக் கற்றவர்கள் என்பதால்தான் அந்த அற்புதம் நடக்கிறது. தொடக்கத்தில் பெருங்கூட்டத்தின் முழக்கம், ஒவ்வொரு சுரத்துக்கும் விளிம்பு. துணை மெட்டு வந்ததும் அத்தனை வில்லும் ஒரே கையால் பிடித்ததுபோல் துள்ளுகிறது. இரண்டு இடத்தையும் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் 2010இல் மாட்சுமோட்டோ விழாவில் ஒஸாவா மேடைக்குத் திரும்பியபோது நடத்த முடிந்தது ஒரே ஒரு பகுதிதான். அவர் தேர்ந்தெடுத்தது இந்தச் செரனேடின் முதல் பகுதி.

ஆகவே புதிதாகக் கேட்பவருக்கு என் வரிசை: முதலில் ஒஸாவா முழுவதும். ஓரிரு வாரம் கழித்து, முதல் பகுதிக்கு மாரினரின் ஆர்கோ பதிவு, எலிஜிக்குக் கராயன் 1966, நிறைவுப் பகுதிக்குப் பார்பிரோலி. மெட்டுகள் மனப்பாடமான பின் மியூன்ஷும் மெங்கெல்பெர்க்கும்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது, படைப்பின் பெயரோடு ஓபஸ் எண், நடத்துநர், இசைக்குழு, பதிவான ஆண்டு நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரிதான் கூடும். 'சைக்கோவ்ஸ்கி, செரனேட், ஓபஸ் 48, பார்பிரோலி, லண்டன் சிம்பொனி, 1964' என்று இருந்தால் வாசகர் அதே ஒலியைத் தேடி எடுத்துவிடுவார். கட்டுரையாளர் எதைக் கேட்டு மனம் உருகி எழுதினாரோ அதையே வாசகரும் கேட்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி